இரண்டாவது டம்ளர்

டிபன் கேரியரின் மேல் அடுக்கைத் திறந்ததும் இன்றைக்கும் தயிர்சாதம்தான் என்று தெரிந்துபோயிற்று, மாதுளை முத்துக்களைத் தூவி அதற்குப் பெருமை சேர்க்கப் பார்த்திருக்கிறார் வீட்டுக்காரர் இளங்கோவன், ஓய்வு பெற்ற பிறகு சமையலைக் கையில் எடுத்துக்கொண்ட ஆண்களுக்கு அலங்காரம்தான் முக்கியம், உப்பு அப்புறம்தான் நினைவுக்கு வரும். கூடுதல் அமர்வு நீதிபதி சௌந்தரவல்லி ஸ்பூனை எடுத்தாள், வைத்தாள், மேசையின் அந்தப் பக்கம் கிடந்த தீர்ப்பைப் பார்த்தாள். தட்டச்சு முடிந்து, பிழை திருத்தி, ஸ்டெனோ அமுதா நூல் கோக்காமல் வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். கடைசிப் பத்தி மட்டும் பாக்கி. "சாப்டுட்டு சொல்றீங்களாம்மா, அடிச்சுக் கொண்டாந்துடறேன்" என்று கேட்டபோது, நானே கையால் எழுதிவிடுகிறேன் என்று சொல்லி அனுப்பியாயிற்று. அமுதாவின் புருவம் ஒரு நூல் உயர்ந்ததை அவள் கவனிக்காமல் இல்லை. இருபது வருட சர்வீஸில் கடைசிப் பத்தியை எழுதாமல் சாப்பிட உட்கார்ந்தது இதுதான் முதல் தடவை. மதியம் கோர்ட் கூடியதும் நாச்சிமுத்து என்கிற தறித் தொழிலாளி எழுந்து நிற்பான், அவன் தன் அண்ணன் நல்லசாமியை விறகுக்கட்டையால் அடித்துக் கொன்ற வழக்கில் அவள் மூன்றில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். தனக்குத் தெரியாமல் ஏற்றப்பட்ட போதையில் செய்தான் என்றால் விடுதலை. தெரிந்தே குடித்தான், ஆனால் கொல்லும் எண்ணம் இல்லை என்றால் பத்தாண்டு வரை சிறை. எண்ணமும் இருந்தது என்றால் ஆயுள். அடித்தது அவன்தான் என்பதில் அவளுக்கு எள்ளளவும் சந்தேகம் இல்லை, அதை முன்பக்கங்களில் விளக்கமாகவே எழுதிவிட்டாள், சந்தேகமெல்லாம் அடித்தபோது அந்த உடம்பில் யார் இருந்தார்கள் என்பதில்தான். இதை எந்தப் பத்தியில் எழுதுவது?

ஜன்னல் கம்பி வழியே வேப்பமர நிழலில் அவனே உட்கார்ந்திருப்பது தெரிந்தது. சாப்பிடுவதற்காக எஸ்கார்ட் போலீஸ்காரர் ஒரு கையின் விலங்கை மட்டும் கழற்றி விட்டிருந்தார். எலுமிச்சம்பழச் சாதப் பொட்டலம். அவன் கறிவேப்பிலையை ஒவ்வொன்றாகப் பொறுக்கி, காகிதத்தின் ஒரு மூலையில் அடுக்கி வைத்துவிட்டு மிச்சத்தைச் சாப்பிட்டான். எத்தனை நிதானமான கை. தறியில் அறுந்த இழையைத் தேடி முடிச்சுப் போட்டுப் பழகிய கை, அதற்கு அவசரம் தெரியாது. பார்க்கக் கூடாது என்று அவள் திரும்பிக்கொண்டாள், நீதிபதி பார்க்க வேண்டியது கூண்டில் நிற்கும் எதிரியை, குற்றம் சாட்டப்பட்டவனுக்கு நீதிமன்றத் தமிழில் அப்படித்தான் பெயர், மரத்தடியில் சாப்பிடுகிறவனுக்குப் பெயர் இல்லை. ஆனாலும் மனசு அந்த மரத்தடியிலிருந்து இன்னொரு மரத்தடிக்குப் போய்விட்டது, அவள் ஒருபோதும் பார்த்திராத, சாட்சிகள் சொல்லிச் சொல்லியே கண்ணுக்குள் வளர்ந்துவிட்ட புளியமரத்தடி. நாச்சிமுத்துவின் மாமனார் வீட்டுக் குலதெய்வக் கோயில், கெடா விருந்து. பந்தியில் பெரியவர்கள் உட்கார்ந்திருக்கும்போது இளவட்டங்கள் கிளாஸும் கையுமாக நின்றால் மரியாதையாக இருக்காது. அதற்காக அந்த ஊரில் ஒரு வழி வைத்திருக்கிறார்கள், கலர் சோடா பாட்டிலில் பிராந்தியைக் கலந்து லேபிளைக் கிழித்துவிடுவது. லேபிள் இருந்தால் வெறும் கலர், லேபிள் இல்லாவிட்டால் சங்கதி வேறு. பெரியவர்களுக்கும் இது தெரியும், கண்டும் காணாமல் இருப்பார்கள், அவர்களும் ஒரு காலத்தில் அதே பாட்டிலில் குடித்தவர்கள்தானே. ஊருக்கே தெரிந்த இந்த ரகசியம் ஆற்றுக்கு அக்கரையிலிருந்து வந்து பெண் எடுத்த மாப்பிள்ளைக்குத் தெரியுமா தெரியாதா, அவ்வளவுதான் வழக்கு. அதிலும் அவன் நாலு வருஷமாகக் குடிக்காதவன். அண்ணன்காரர் கோயிலுக்கு இழுத்துக்கொண்டு போய்க் கையில் கயிறு கட்டிவிட்டிருக்கிறார், கயிறு கட்டினால் குடிக்கக் கூடாது, கட்டின கயிறு கழுத்தைச் சுற்றும் என்று அந்தப் பக்கத்தில் பயம். அரசுத் தரப்பில் அந்தக் கயிற்றைக்கூடச் சான்றுப் பொருளாக வரிசை எண் போட்டுக் கட்டி வைத்திருக்கிறார்கள்.

முதல் டம்ளரைக் கொடுத்தவன் சிவமலை, நாச்சிமுத்து மனைவியின் சித்தப்பா மகன், நல்ல உயரம், சாட்சிக் கூண்டில் எங்கே கையை வைப்பது என்று தெரியாமல் தவித்தவன். "கலருன்னு நெனச்சு ஒரே மடக்குல குடிச்சுப்போட்டாருங்க. அப்பறம் மூஞ்சியச் சுளிச்சாரு. நாங்கெல்லாம் சிரிச்சமுங்க." அப்புறம்? "அப்பறம் டம்ளர நீட்டுனாருங்க." நீட்டினார் என்றால்? "இன்னும் ஊத்தச் சொல்லித்தானுங்க. நானும் ஊத்துனேன். அதயுங் குடிச்சாருங்க." எதிரியின் வக்கீல் இளம்பையன், சட்டப் புத்தகத்தின் வாசனை இன்னும் போகாதவன், அவன் குறுக்கு விசாரணையில் எழுந்து ஒரே கேள்விதான் கேட்டான், காலி டம்ளரைத் திருப்பிக் கொடுப்பதற்காகவும் அவர் நீட்டியிருக்கலாம் அல்லவா? சிவமலை யோசித்தான். கோர்ட் முழுக்க அவன் யோசித்து முடிக்கக் காத்திருந்தது. "இருக்கலாமுங்க" என்றான். அங்கே பிடித்துக்கொண்டதுதான் அவளை, அந்த நீட்டிய கை. ராத்திரியும் பகலும் அதையே பார்க்கிறாள். நீட்டிய கையில் டம்ளர், நீட்டிய கை கேட்கிறதா, கொடுக்கிறதா? வாய் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா பாவி, போதும் என்றோ இன்னும் என்றோ. சரி, கேட்டதாகவே வைத்துக்கொள்வோம். நாலு வருஷம் ஒரு சொட்டு படாத உடம்பில் ஒரு டம்ளர் பிராந்தி இறங்கிய பிறகு நீள்கிற கை யாருடைய கை? முதல் டம்ளர் சிவமலையுடையது. இரண்டாவதைக் கேட்டது நாச்சிமுத்துவா, இல்லை முதல் டம்ளரே தனக்குத் துணை தேடிக்கொண்டதா? அப்படிப் பார்த்தால் உலகத்தில் எந்தக் குடிகாரனும் இரண்டாவது டம்ளரைக் குடித்ததே இல்லை என்றாகிவிடும். நன்றாக இருக்கிறது நியாயம். எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டு நீதிமன்றத்தைக் கல்யாண மண்டபமாக்கி வாடகைக்கு விடலாம்.

சட்டத்தில் இதற்கெல்லாம் பதில் இருக்கிறது, அதாவது வாக்கியம் இருக்கிறது. எண்பத்தைந்தாவது பிரிவு: அவன் அறியாமலோ அவன் விருப்பத்துக்கு மாறாகவோ கொடுக்கப்பட்ட போதை. எண்பத்தாறு: தானே ஏற்றிக்கொண்ட போதை, அப்படியானால் தெளிவாக இருந்தவனுக்கு என்ன தெரிந்திருக்குமோ அதெல்லாம் இவனுக்கும் தெரிந்திருந்ததாகவே வைத்துக்கொள்ள வேண்டும். தெரிந்திருந்ததாக வைத்துக்கொள்வது, சட்டத்தின் அருமையான சொத்து இந்த வைத்துக்கொள்வது. இப்போது புதுச் சட்டத்தில் அவற்றுக்கு எண் மாறிவிட்டது, போதை மாறவில்லை. பயிற்சி வகுப்பில் ஒரு பேராசிரியர் நாடு நாடாகக் கூட்டிப் போனார். இங்கிலாந்தில் தானாகக் குடித்தவனுக்குக் கொலை எண்ணம் உருவாகவில்லை என்று காட்ட முடிந்தால் கொலைக் குற்றம் ஒரு படி இறங்கும், ஆனால் முழுக்க வெளியே வர வழி கிடையாது. கனடாவில் தன்னை அறியாத அளவுக்குப் போன போதையை எதிர்வாதமாக ஏற்றுக்கொண்டது நீதிமன்றம், நாடாளுமன்றம் கதவைச் சாத்தியது, பல வருஷம் கழித்து நீதிமன்றம் அதை மறுபடி திறந்தது, நாடாளுமன்றம் ஓடி வந்து வேறு தாழ்ப்பாள் போட்டது. ஜெர்மன்காரன்தான் கில்லாடி, நீ செய்ததற்குத் தண்டிக்க முடியாவிட்டால் போகிறது, அந்த நிலைக்குக் குடித்தாயே, அதுவே தனிக் குற்றம், வா என்கிறான். அப்புறம் அந்தத் தூக்கக்காரன். அதுவும் கனடாதான். தூக்கத்திலேயே எழுந்து, தூக்கத்திலேயே வெகுதூரம் கார் ஓட்டிப் போய், மாமியாரைக் கொன்றுவிட்டான், அது அவன் செயலே அல்ல என்று சொல்லி விடுவித்துவிட்டார்கள். மாமியார் என்றதும் வகுப்பில் ஆண் நீதிபதிகள் வரிசை வரிசையாகச் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். அது மாத்திரை போடத் தொடங்குவதற்கு முன்னால், அப்போது இதெல்லாம் வேறு தேசத்துக் கதை.

மாத்திரை வெள்ளையாக, நீளவாக்கில், நடுவில் ஒரு கோடோடு இருக்கும். போக்சோ வழக்குகளைப் பார்க்கும் நீதிமன்றத்திலிருந்து மாறி வந்த பிறகும் அந்தக் குழந்தைகளின் வாக்குமூலங்கள் அவளை விடவில்லை, கண்ணை மூடினால் வரிசை எண்ணோடு படிக்க ஆரம்பித்துவிடும். மூன்று நாள் சேர்ந்தாற்போல் தூங்காமல் பெஞ்சில் உட்கார்ந்து ஒரு வக்கீலின் பெயரை மாற்றிக் கூப்பிட்டாள், அன்றைக்குத்தான் டாக்டரிடம் போனது. டாக்டர் சொன்னார், "மேடம், இதப் போட்டா உடனே படுத்துடணும். சிலபேர் தூக்கத்துலயே எழுந்து நடப்பாங்க, சமைப்பாங்க, காலைல ஒண்ணும் ஞாபகம் இருக்காது." சொன்னார், அதில் மறுப்பில்லை. எப்போது சொன்னார்? இதுதான் அவளால் பிடிக்க முடியாமல் நழுவுகிறது. முதல் தடவை சீட்டு எழுதியபோதே சொன்னாரா, இளங்கோவனுக்குக் கை வெந்த பிறகு இரண்டாம் தடவை போனபோது சொன்னாரா? முதல் தடவையே சொல்லியிருந்தால் அவள் தெரிந்து போட்டுக்கொண்டவள். இரண்டாம் தடவைதான் என்றால் அறியாதவள். சாட்சியாகத் தன்னையே கூண்டில் ஏற்றிப் பார்த்திருக்கிறாள். டாக்டர் நீல சட்டை போட்டிருந்தாரா? போட்டிருந்தார். அது எந்தத் தடவை? தெரியாது. இந்தச் சாட்சியை நான் நம்புவேனா? மாட்டேன், பிறழ் சாட்சி என்று ஒரு வரியில் தள்ளிவிடுவேன். அந்தக் காலையில் நடந்தது மட்டும் தெளிவாக இருக்கிறது, இளங்கோவன் இடது முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை துணி சுற்றிக்கொண்டு அவளுக்குக் காபி ஆற்றிக்கொண்டிருந்தார். என்னாச்சு என்றாள். "ராத்திரி பால் காய்ச்சினேன், கொட்டிக்கிட்டேன், விடு." இவர் ராத்திரியில் பால் குடிக்கிறவர் அல்ல. இவருக்குப் பாலே ஒத்துக்கொள்ளாது. நானா என்று கேள்வி வாய் வரை வந்தது, வந்த இடத்திலேயே உட்கார்ந்துகொண்டது. ஒரு வருஷமாக அங்கேயே உட்கார்ந்திருக்கிறது. அதற்கடுத்த வாரம் சமையலறைக் கதவுக்குப் பூட்டு வந்தது. "பூனை உள்ள வருது" என்றார். அந்தத் தெருவிலேயே பூனை கிடையாது. சாவி அவர் தலையணைக்கடியில் இருக்கிறது என்பதும் அவளுக்குத் தெரியும், படுக்கை விரிப்பு மாற்றும்போது கையில் தட்டுப்பட்டது, அதே இடத்தில் வைத்துவிட்டாள். முப்பது வருடக் குடித்தனத்தில் அவர்கள் இவ்வளவு நாகரிகமாக இருந்ததே இல்லை. அவர் வெயில் காலத்திலும் முழுக்கைச் சட்டை போடுகிறார். இன்றும் படுக்கப் போகும்போது அவள் கையை நீட்டுவாள், அவர் தண்ணீர் டம்ளரைக் கொடுப்பார்.

ஆக அவளும் இரண்டாவது டம்ளரில்தான் இருக்கிறாள். இதைச் சொல்லிப் பார்க்கவே அசிங்கமாக இருந்தது, ஆனாலும் சொல்லிப் பார்த்தாள். முதல் மாத்திரைக்கு டாக்டரைச் சொல்லலாம், அந்தக் காலைக்குப் பிறகு போட்ட ஒவ்வொன்றுக்கும் யாரைச் சொல்வது? எண்பத்தாறாம் பிரிவு அவள் படுக்கையின் ஓரத்தில் வந்து உட்கார்ந்து, அம்மா உங்களுக்கு எல்லாம் தெரிந்திருந்ததாகவே வைத்துக்கொள்கிறோம் என்கிறது. நாளைக்குப் பால் பாத்திரத்துக்குப் பதில் அரிவாள்மனையாக இருந்தால்? சமையலறை பூட்டியிருக்கிறது. பூஜை அறையில் குத்துவிளக்கு இருக்கிறதே, நல்ல கனம், கல்யாணத்துக்கு அவள் வீட்டில் கொடுத்தது. சே, என்ன நினைப்பு இது. அவள் ஒரு வாய் சாப்பிடலாம் என்று கேரியரைப் பார்த்தாள். அது காலியாக இருந்தது. ஒரு பருக்கை இல்லை. மாதுளை முத்துக்கள் இருந்த இடத்தில் இளஞ்சிவப்பாக ஒரு கறை மட்டும். ஊறுகாய்க் கிண்ணமும் காலி, நாக்கில் நார்த்தங்காயின் கசப்பு இருந்தது. எப்போது சாப்பிட்டாள்? ஸ்பூனை எடுத்தது நினைவிருக்கிறது, வைத்தது நினைவிருக்கிறது, அப்புறம் எப்போதோ இந்தக் கை பாட்டுக்கு எடுத்து எடுத்து வாயில் போட்டிருக்கிறது. இதில் பயப்பட என்ன இருக்கிறது, எல்லோரும்தான் வேறு எதையோ நினைத்துக்கொண்டே சாப்பிடுகிறார்கள், பல் தேய்க்கிறார்கள், வண்டி ஓட்டுகிறார்கள், பாதிப் பேர் பிள்ளையும் வளர்க்கிறார்கள். ஆனாலும் கேரியரை மூடும்போது அடுக்குகள் ஒன்றின் மேல் ஒன்று பொருந்தாமல் இரண்டு தடவை வழுக்கின.

மூன்று அடி. அதுதான் அரசு வக்கீலின் பிடி, விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறார். ஒரு அடி என்றால் போதையில் வீசியது என்று சொல்லலாம், மூன்று அடி எண்ணம் இல்லாமல் விழுமா? நல்லசாமியின் மனைவி சொன்னாள், அவர் வந்து தம்பியின் கையிலிருந்து டம்ளரைப் பிடுங்கி மிச்சம் இருந்ததைக் கீழே கொட்டினார், திட்டக்கூட இல்லை, "வா, ஊட்டுக்குப் போலாம்" என்றுதான் சொன்னார், இவன் அடுப்பிலிருந்து கட்டையை உருவினான், பாதி எரிந்த கட்டை, உருவிய கையிலேயே தீப்புண் இருந்தது, சுட்டது தெரியாமல் பிடித்திருக்கிறான். சுட்டதே தெரியாதவனுக்கு என்ன எண்ணம் இருந்திருக்கும்? அடித்த பிறகு அண்ணனின் காலடியிலேயே படுத்துத் தூங்கிவிட்டான். போலீஸ் எழுப்பியபோது, "அண்ணன எழுப்புங்க, பஸ்ஸு போயிரும்" என்றானாம். அரசு வக்கீல் அதை நடிப்பு என்கிறார். விசாரணை முடிவில் அவள் ஒவ்வொரு சாட்சியமாகச் சொல்லி என்ன சொல்கிறாய் என்று கேட்டபோது அவன் எல்லாவற்றுக்கும் "நெனப்பில்லீங்க" என்று மட்டும் சொன்னான். வக்கீல் சொல்லிக்கொடுத்ததை ஒப்பிக்கிறான் என்று நினைத்தாள், எல்லோரும் அப்படித்தான் ஒப்பிப்பார்கள். இப்போது யோசிக்கும்போது அதிலும் நிச்சயமில்லை. விடுவித்தால் தன்னையே விடுவித்துக்கொள்கிறாளா? ஆயுள் கொடுத்தால் தனக்குத்தான் கொடுத்துக்கொள்கிறாளா? ஒரு மனிதனின் பத்து வருஷமும் இருபது வருஷமும் அவளுடைய தூக்கத்தில் போய்த் தொங்கிக்கொண்டிருப்பது என்ன கொடுமை. அவன் பாவம், அவனுக்கு நன்றாகத் தூங்குகிற ஒரு நீதிபதி கிடைத்திருக்க வேண்டும். அந்த நினைப்பில் கொஞ்சம் தெளிந்தது. நன்றாகத் தூங்குகிற ஒருத்தி இந்த இடத்தில் உட்கார்ந்தால் எப்படி எழுதுவாள்? அவள் பேனாவைத் திறந்து எழுதினாள். முதல் டம்ளரைப் பொறுத்தவரை எதிரி அறியாதவர். ஆனால் அதன் சுவையால் அது மது என அறிந்த பின்பும் இரண்டாவதை வாங்கிக் குடித்துள்ளார். காலி டம்ளரைத் திருப்பிக் கொடுக்கவே நீட்டினார் என வைத்துக்கொண்டாலும், நிரம்பி வந்ததை அவர் கொட்டவில்லை, குடித்தார். எனவே அறிவு உண்டு. கொல்லும் எண்ணம் ஐயத்துக்கு அப்பால் நிரூபிக்கப்படவில்லை. கொலையாகாத மரணம் விளைவித்த குற்றம், இரண்டாம் பகுதி. எழுதி முடித்துப் படித்துப் பார்த்தாள். நன்றாகத் தூங்குகிறவளின் கையெழுத்து மாதிரி இல்லை, ஆனால் வாக்கியங்கள் நின்றன. குடித்தார் என்ற சொல்லுக்குக் கீழே பேனா சற்று அழுத்தியிருந்தது.

டவாலி கதவைத் தட்டினான். கோட்டை மாட்டிக்கொண்டு அவன் பின்னால் நடந்தாள், "சைலன்ஸ்" என்று அவன் குரல் முன்னால் போயிற்று, எல்லோரும் எழுந்தார்கள், அவள் கும்பிட்டு உட்கார்ந்தாள், எல்லோரும் உட்கார்ந்தார்கள், இதையும் கைகால்கள்தான் செய்தன, மனசு பின்னாலேயே வந்து சேர்ந்தது. கூண்டில் நாச்சிமுத்து. பெண்கள் பக்கம் அவன் மனைவி, அதே பெஞ்சின் மறுகோடியில் வெறும் நெற்றியோடு அண்ணி, இருவருக்கும் நடுவே நாலு பேர் உட்காரும் இடம் காலியாக இருந்தது. அவள் முடிவை வாசித்தாள். குற்றவாளி எனத் தீர்மானிக்கப்படுகிறது என்ற இடத்தில் மனைவி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். கொலை இல்லை என்பதில் இளம் வக்கீலுக்கு முகம் மலர்ந்தது, அரசு வக்கீல் அப்பீலுக்கு யோசிக்க ஆரம்பித்துவிட்டது அவர் மோவாயிலேயே தெரிந்தது. அப்புறம் வழக்கமான கேள்வி, தண்டனை பற்றி ஏதாவது சொல்லணுமா? இதற்கு எல்லோரும் ஒன்றையேதான் சொல்வார்கள், சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள், வயசான அம்மா இருக்கிறார், குறைத்துக் கொடுங்கள். வக்கீல் கண்ணாலேயே அவனுக்கு எடுத்துக்கொடுத்தான். நாச்சிமுத்து அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

"ஒண்ணு கேக்கலாமுங்களாம்மா?"

"கேளுங்க."

"நாந்தான் அடிச்சனுங்களா?"

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். வக்கீல் பதறிப்போய்க் கூண்டருகே ஓடினான். அவள் கையைக் காட்டி அவனை நிறுத்தினாள்.

"எனக்கு நெசமாவே நெனப்பில்லீங்க. ஊட்டுல கேட்டா நீ ஒண்ணும் பண்ணுல, அவரே உளுந்துட்டாருங்கறாங்க. இவளக் கேட்டா அளுவறா. அண்ணி இங்க வந்து நாந்தான்னு சொன்னாங்க, அது பொய்யின்னு எங்க வக்கீலய்யாவே கேள்வி கேட்டாரு, அண்ணியும் அளுதுட்டாங்க. எது நெசம்னு யாரும் சொல்ல மாட்டேங்கறாங்க. நீங்க எல்லாத்தயும் கேட்டீங்க, படிச்சீங்க. நீங்க சொன்னா நம்பிக்கறனுங்க."

இப்போதுதானே சொன்னேன், குற்றவாளி என்று வாசித்தேனே என்று அவளுக்குத் தோன்றியது. வாசித்ததில் அவனுக்குப் பதில் இல்லை என்பதும் அதே நொடியில் தெரிந்தது. வெட்கமாக இருந்தது. அவள் ஒரு வருஷமாக வீட்டில் வாய் திறந்து கேட்கப் பயந்ததை இவன் இத்தனை பேர் நடுவில் நின்று கேட்கிறான். அவள் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தாள்.

"ஆமா நாச்சிமுத்து. நீங்கதான் அடிச்சீங்க."

"வேற ஆரும் இல்லீங்களா?"

"இல்லை."

"எத்தன அடிங்க?"

"மூணு."

அமுதா எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தாள், எழுதவா வேண்டாமா என்று. எழுதிக்கொள் என்று தலையசைத்தாள் சௌந்தரவல்லி.

"எங்கண்ணன் திருப்பி அடிச்சாருங்களா?"

அவள் காகிதத்தைப் புரட்ட வேண்டியிருக்கவில்லை. இறந்தவரின் கைகளில் தற்காப்புக் காயம் எதுவும் இல்லை என்று நேற்றுக் காலை அவளே சொல்லித் தட்டச்சு செய்ய வைத்திருந்தாள், சொல்லும்போது அது மற்றதைப் போல ஒரு வரியாகத்தான் இருந்தது.

"இல்லை," என்றாள். "அவர் கையத் தூக்கவே இல்லை."

"தூக்க மாட்டாருங்க," என்றான் நாச்சிமுத்து. "சின்னதுல இருந்தே எம்மேல கை வெச்சதில்லீங்க." சொல்லிவிட்டு, பெஞ்சின் மறுகோடியில் உட்கார்ந்திருந்த அண்ணியைப் பார்த்துக் கும்பிட்டான். அதற்குப் பிறகு நீதிபதி சொன்ன வருஷக் கணக்கு அவன் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை.